காலையில் ஸ்கேன் போவதில்லை: பேக்கப் மென்பொருளும் ஸ்கேனரும் முட்டிக்கொள்ளும் இடங்கள்

கேள்வியின் சுருக்கம் இது. இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பக்கம் ஒரு தோட்ட ஆபீஸ். ஆறு கம்ப்யூட்டர், ஒரு பெரிய போட்டோகொப்பி மெஷின், மேசைமேல் வைக்கும் சின்ன ஸ்கேனர் பிரிண்டர் ஒன்று. பெரிய கிளாக்கரின் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்து வைத்திருக்கிறார்கள், செக்ரோல் (தொழிலாளரின் வேலை, சம்பளப் பதிவேடு), ஈ.பி.எஃப். (சேமலாப நிதி) படிவங்கள், வவுச்சர் எல்லாம் ஸ்கேன் ஆகி அதில்தான் விழ வேண்டும். பேக்கப் மென்பொருள் போட்ட நாளிலிருந்து காலை நேரத்தில் ஸ்கேன் போவதில்லை. சில ஃபைல்கள் 0 பைட்டாக, அதாவது உள்ளே ஒன்றுமில்லாமல், வந்து கிடக்கின்றன. பேக்கப்பை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிறது. சில நாள் நிறுத்தினாலும் சரியாவதில்லை. பேக்கப்பையே கழற்றிவிடலாமா?

கழற்ற வேண்டாம். இந்த இரண்டும் ஒரே கம்ப்யூட்டரில் பிரச்சினையில்லாமல் ஓடும். நீங்கள் சொன்ன அறிகுறிகளைப் பார்த்தால் இங்கே இருப்பது ஒரு கோளாறு இல்லை, குறைந்தது மூன்று. மூன்றையும் ஒரே பெயரில் கூப்பிடுவதால்தான் ஒன்றைச் சரிசெய்ததும் இன்னொன்று தலைகாட்டுகிறது. ஆகவே மருந்து தேடும் முன்பு ஸ்கேன் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மெஷினிலிருந்து கம்ப்யூட்டர் வரை போய்ச் சேருகிறதா? சேர்ந்தபின் கடவுச்சொல்லை ஏற்றுக்கொள்கிறதா? ஏற்றபின் ஃபைலை எழுத முடிகிறதா? எழுதியபின் ஃபைல் அங்கேயே இருக்கிறதா? கொப்பியரின் அனுப்பல் அறிக்கையை அச்சிட்டுப் பாருங்கள். "இணைக்க முடியவில்லை", "அங்கீகாரம் தோல்வி", "எழுத முடியவில்லை" என்று மூன்று விதமாக வரும் பிழைகள் மூன்று வேறு வேறு நோய்கள்.

இன்னொரு பிரிவினையும் முதலிலேயே தேவை. பெரிய கொப்பியர், பகிர்ந்த ஃபோல்டருக்குள் தானே நுழைந்து ஃபைலை வைக்கிறது. இது விண்டோஸ் பகிர்வு வழி, டிசிபி போர்ட் 445. போர்ட் என்பது கம்ப்யூட்டருக்குள் நுழையும் எண்ணிட்ட வாசல். சின்ன மெஷின் அப்படியில்லை. அதன் பொத்தானை அழுத்தினால், கம்ப்யூட்டரில் பின்னணியில் ஓடும் ஒரு சிறு புரோகிராம் அந்த அழைப்பைக் கேட்டு ஸ்கேனை இழுத்துக்கொள்கிறது. பிரதர் மெஷின்கள் இதற்கு யூடிபி போர்ட் 54925 ஐப் பயன்படுத்துகின்றன. முதல் வகையில் சண்டை ஃபைலுக்கும் அனுமதிக்கும். இரண்டாவது வகையில் போர்ட்டுக்கும், வாசலில் காவல் நிற்கும் ஃபயர்வாலுக்கும்.

சோதனையைச் செய்யும் விதத்திலும் ஒரு சிக்கல் உண்டு. மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஐகானை மூடினால் பேக்கப் நின்றுவிட்டது என்று நினைக்கிறோம். நிற்பதில்லை. விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் அந்த மென்பொருளின் பெயரில் இரண்டு மூன்று சேவைகள் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றை ஸ்டொப் செய்ய வேண்டும். அப்போதும், ரேன்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் கள்ள மென்பொருள்) பாதுகாப்பு என்று ஒரு பகுதி இருந்தால் அது விண்டோஸின் அடியில், டிரைவர் மட்டத்தில் உட்கார்ந்திருக்கும். மென்பொருளின் செட்டிங்ஸுக்குள் போய்த் தனியாக அணைத்தால்தான் விலகும். சேவைகளை நிறுத்தி ஒரு ஸ்கேன், பாதுகாப்பையும் அணைத்து ஒரு ஸ்கேன், எல்லாவற்றையும் திரும்ப ஓடவிட்டு ஒரு ஸ்கேன். பத்து நிமிட வேலை. முதலாவதில் சரியானால் நேரம் அல்லது ஃபைல் பூட்டு. இரண்டாவதில் மட்டும் சரியானால் பாதுகாப்புப் பகுதி. இரண்டிலும் சரியாகாவிட்டால் பேக்கப்பின் மேல் வீண்பழி.

இனி காலை நேரத்துக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் தலைவலியில் பெரும்பங்கு அங்கேதான். பேக்கப்பை இரவு 10 மணிக்கோ 11 மணிக்கோ வைத்திருப்பார்கள். ஆனால் ஆபீஸ் மூடும்போது எல்லோரும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போகிறார்கள். மழைக்காலத்தில் இரவில் கரண்ட் இருப்பதும் நிச்சயமில்லை. பெரும்பாலான பேக்கப் மென்பொருள்களில் "தவறிய வேலையை அடுத்த முறை ஓன் செய்ததும் ஓட்டு" என்ற தேர்வு இருக்கிறது. காலை 8 மணிக்கு ஆறு கம்ப்யூட்டரும் ஓன் ஆகின்றன, தவறிப்போன ஆறு பேக்கப்பும் ஒன்றாகக் கிளம்புகின்றன. அதே நேரத்தில்தான் நேற்றைய வவுச்சர்களை ஸ்கேன் செய்ய ஆள் வந்து நிற்கிறது.

கணக்குப் பாருங்கள். கம்ப்யூட்டர்களின் கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்ச் பழைய 100 எம்பிபிஎஸ் என்றால் உண்மையில் கிடைப்பது செக்கனுக்கு 11 எம்பி அளவு. ஒரு கம்ப்யூட்டரில் 80 ஜிபி தரவு என்று வைத்தால் முழு பேக்கப்புக்கு ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். ஆறும் ஒரே இடத்துக்குப் போனால் பன்னிரண்டு. அதுவும் பெரிய கிளாக்கரின் கம்ப்யூட்டரேதான் பேக்கப் சேரும் இடமாகவும் இருக்கிறது என்றால், அதன் ஒரே கேபிள் வழியாகத்தான் ஸ்கேனும் உள்ளே வர வேண்டும். கொப்பியர் அவ்வளவு நேரம் பொறுமையாக நிற்பதில்லை. பதில் தாமதமானால் கைவிட்டுவிட்டுப் பிழை காட்டும். டாஸ்க் மானேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று நின்றால் கேபிளைவிடப் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் குற்றவாளி.

இதற்குச் செய்ய வேண்டியவை: தவறிய வேலையை உடனே ஓட்டும் தேர்வை எடுத்துவிடுங்கள், அல்லது ஓன் ஆகி ஒன்றரை மணித்தியாலம் கழித்து என்று மாற்றுங்கள். முழு பேக்கப்பை ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் வாரம் ஒரு நாளுக்கு, வேறு வேறு நாளாகப் பிரித்து, ஆபீஸ் வேலை குறைந்த பிற்பகலுக்கு வையுங்கள். மற்ற நாள்களில் மாற்றமடைந்ததை மட்டும் எடுக்கும் பேக்கப்பை மதிய உணவு நேரத்தில், ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் பத்து நிமிட இடைவெளி விட்டு ஓட்டுங்கள். மலைநாட்டில் இரவு பேக்கப்பை நம்புவதைவிட, ஆளும் கரண்டும் இருக்கும் நேரத்தில் எடுப்பது மேல். மென்பொருளில் வேகக் கட்டுப்பாடு இருந்தால் பாதிக்குக் குறையுங்கள். சுவிட்சை ஜிகாபிட்டுக்கு (1000 எம்பிபிஎஸ்) மாற்றினால் செக்கனுக்கு 100 எம்பிக்கு மேல் கிடைக்கும்; எட்டு போர்ட் சுவிட்ச் ஒன்றுக்குப் போகும் காசு வீணாகாது. ஆனால் பழைய கேபிளில் எட்டுக் கம்பியும் சரியாக இருந்தால்தான் ஜிகாபிட் வரும். நாலு கம்பி மட்டும் போட்ட கேபிள்கள் இன்னும் பல ஆபீஸில் இருக்கின்றன.

ஸ்கேனின் அளவையும் குறைக்கலாம். ஏ4 தாள் ஒன்றைக் கலரில் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) எடுத்தால் சுருக்குவதற்கு முன் 26 எம்பி. அதே தாளைக் கறுப்பு வெள்ளையில் 200 டிபிஐயில் எடுத்தால் அரை எம்பிக்கும் குறைவு. வவுச்சருக்கும் செக்ரோலுக்கும் இரண்டாவதே போதும். அடையாள அட்டைப் பிரதி, காணி வரைபடம் போன்றவற்றுக்கு மட்டும் கலரை வையுங்கள்.

அடுத்தது 0 பைட் ஃபைல். இதன் காரணம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கொப்பியர் முதலில் வெறும் ஃபைலை உருவாக்குகிறது, பிறகு பக்கம் பக்கமாக எழுதுகிறது. சில மொடல்கள் தற்காலிகப் பெயரில் எழுதிவிட்டுக் கடைசியில் பெயரை மாற்றுகின்றன. ஒவ்வொரு மாற்றத்தையும் அந்தக் கணமே பிரதி எடுக்கும் வகைப் பேக்கப்போ, கிளவுட் ஒத்திசைவோ அந்த ஃபோல்டரைக் கவனித்துக்கொண்டிருந்தால், புது ஃபைல் தலைகாட்டியதும் பாய்ந்து திறக்கிறது. அது பிடித்திருக்கும்போது கொப்பியரால் எழுதவோ பெயர் மாற்றவோ முடியாது. மிஞ்சுவது 0 பைட் பிடிஎஃப், அல்லது விநோதப் பெயருடன் ஒரு தற்காலிக ஃபைல். விண்டோஸின் நிழற்பிரதி முறையில், அதாவது விஎஸ்எஸ் வழியாக எடுக்கும் பேக்கப் இப்படிப் பூட்டுவதில்லை. அது ஒரு கணத்தின் படத்தை எடுத்துவைத்து அதிலிருந்து படிக்கிறது. எனவே மென்பொருளில் விஎஸ்எஸ் தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள்.

அதைவிட உறுதியான வழி, ஸ்கேன் விழும் இடத்தையும் பாதுகாக்கப்படும் இடத்தையும் பிரிப்பது. சி டிரைவின் நேரடிக் கீழோ டி டிரைவிலோ "வரவு" என்ற பொருளில் ஒரு ஃபோல்டர். கொப்பியர் அதில் மட்டும் எழுதும். உடனடிப் பேக்கப்பிலிருந்து அதை விலக்குப் பட்டியலில் சேருங்கள். பக்கத்திலேயே மாதவாரியாக இன்னொரு ஃபோல்டர். வேலை முடிந்த ஃபைலைப் பெயரிட்டு அங்கே மாற்ற வேண்டும். அதைப் பேக்கப் முழுமையாகக் கவனிக்கும். வரவு ஃபோல்டரை மதிய பேக்கப்பில் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், மாற்ற மறந்த ஃபைலும் தப்பும். கொப்பியரில் கொடுக்கும் பகிர்வுப் பெயரும் பாதையும் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், குட்டையாக இருக்கட்டும். பழைய கொப்பியர்களுக்குத் தமிழ் எழுத்துப் பெயர் புரியாது. ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைப்பதை மாற்றும்போது செய்துகொள்ளலாம்.

ஸ்கேன் ஃபோல்டர் டொக்யுமென்ட்ஸுக்குள் இருந்தால் வெளியே எடுங்கள். மைக்ரோசொஃப்டின் கிளவுட் சேமிப்பான வன்டிரைவின் பேக்கப்பை ஓன் செய்ததும் டெஸ்க்டொப், டொக்யுமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் வன்டிரைவ் ஃபோல்டருக்குள் இடம்பெயரும். கொப்பியரோ பழைய முகவரியில் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். தவிர, விண்டோஸ் டிஃபென்டரின் கட்டுப்படுத்தப்பட்ட ஃபோல்டர் அணுகல் ஓனில் இருந்தால், டொக்யுமென்ட்ஸுக்குள் எழுத முயலும் சின்ன மெஷினின் ஸ்கேன் புரோகிராமையும் அது தடுக்கக்கூடும். பாதுகாப்பு வரலாற்றைத் திறந்தால் தடுத்த புரோகிராமின் பெயர் இருக்கும்; அதை அனுமதித்தால் போதும், பாதுகாப்பையே அணைக்கத் தேவையில்லை. பேக்கப் மென்பொருளின் சொந்த ரேன்சம்வேர் காவலும் இதே மாதிரிதான். வெளி முகவரி ஒன்றிலிருந்து பல ஃபைல் வேகமாக வந்து பெயர் மாறுவது அதன் கண்ணுக்குத் திருட்டு வேலை மாதிரித் தெரிகிறது. கொப்பியரின் ஐபி (நெட்வொர்க்) முகவரியை நம்பகப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

இப்போது அனுமதி. "எல்லோருக்கும் ரைட்", அதாவது எழுதும் உரிமை, என்று மட்டும் கொடுத்தால் போதாது. பெயர் மாற்றுவதற்கு ஃபைலை அழிக்கும் உரிமையும் வேண்டும். ஆகவே பகிர்வு அனுமதியில் சேஞ்ச், ஃபோல்டரின் செக்யூரிட்டி அனுமதியில் மொடிஃபை. இரண்டில் எது குறைவோ அதுதான் நடைமுறைக்கு வரும்.

பல ஆபீஸில் நடக்கும் ஒரு தவறு, கொப்பியருக்கும் பேக்கப்புக்கும் கிளாக்கரின் சொந்த லொகினையே கொடுத்துவிடுவது. அவர் ஒரு நாள் கடவுச்சொல்லை மாற்றுகிறார். கொப்பியர் பழைய கடவுச்சொல்லோடு திரும்பத் திரும்ப முயல்கிறது. விண்டோஸ் 11 புதிதாக நிறுவிய கம்ப்யூட்டர்களில் பத்துத் தவறான முயற்சிக்குப் பிறகு கணக்கு பத்து நிமிடம் பூட்டப்படும். அதே கணக்கில் ஓடும் பேக்கப்பும் அதோடு விழுகிறது. பார்க்கிறவருக்கு ஸ்கேனால் பேக்கப் கெட்டது என்றுதான் தோன்றும். ஈவென்ட் வியூவரில் செக்யூரிட்டி பகுதியில் 4625 என்ற எண் வரிசையாக நின்றால் இதுதான். ஸ்கேனுக்கு ஒரு கணக்கு, பேக்கப்புக்கு ஒரு கணக்கு என்று இரண்டைத் தனியாக உருவாக்குங்கள். விண்டோஸ் புரோ பதிப்பில் கம்ப்யூட்டர் மானேஜ்மென்ட் வழியாக உருவாக்கினால் "கடவுச்சொல் காலாவதியாகாது" என்பதில் டிக் போட மறக்காதீர்கள். விட்டுவிட்டால் விண்டோஸின் வழக்கமான ஏற்பாட்டின்படி 42 நாளில் கடவுச்சொல் காலாவதியாகி ஸ்கேன் நின்றுபோகும். ஸ்கேன் கணக்குக்கு பேக்கப் இருக்கும் இடத்தைத் தொடும் உரிமை துளியும் இருக்கக்கூடாது. தொழிலாளரின் அடையாள அட்டைப் பிரதிகள் அந்த ஃபோல்டரில் கிடக்கும் என்பதால், எவரும் திறக்கும்படி விட்டுவைப்பதும் சரியல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாடு இது.

விண்டோஸ் மாற்றத்தையும் கவனியுங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. அதையொட்டி 11க்கு மாறிய கையோடு பேக்கப்பும் போட்டிருந்தால், பழி பேக்கப்பின் தலையில் விழும். எஸ்எம்பி 1 என்ற பழைய பகிர்வு முறை 2017இல் வந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்தே புதிய நிறுவல்களில் இல்லை. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு ஒரு படி மேலே போய், புரோவில் கையொப்பமிட்ட இணைப்பை (வரும் தரவு வழியில் மாற்றப்படவில்லை என்று சரிபார்க்கும் முறை) கட்டாயமாக்கிவிட்டது. பழைய கொப்பியருக்கு இது தெரியாது. முதலில் அதன் ஃபர்ம்வேரை (மெஷினுக்குள் இருக்கும் மென்பொருள்) புதுப்பிக்க முகவரிடம் கேளுங்கள். முடியாவிட்டால் எஸ்எம்பி 1 ஐத் திரும்பப் போடாதீர்கள். அந்த ஓட்டை வழியாக வருவது பேக்கப்பையும் சேர்த்துத் தின்னும். கொப்பியரில் எஃப்டிபி என்ற ஃபைல் அனுப்பும் முறை இருந்தால் அந்த வழியில், ஆபீஸுக்குள் மட்டும் திறந்த போர்ட் 21இல், சின்ன நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி ஒன்றுக்கு அனுப்புவது அதைவிடப் பாதுகாப்பு.

"நிறுத்தினாலும் சில நாள் சரியாவதில்லை" என்றீர்களே, அதற்கு இரண்டு காரணம் சொல்வேன். ஒன்று தூக்கம். பேக்கப் ஓடும்வரை அது கம்ப்யூட்டரை விழித்திருக்கவைக்கிறது. முடிந்த சில நிமிடத்தில் கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போகிறது. கொப்பியர் தட்டினால் எழுந்திருப்பதில்லை. ஸ்கேன் விழும் கம்ப்யூட்டரில் ஸ்லீப்பை "ஒருபோதும் வேண்டாம்" என்று வையுங்கள், திரை மட்டும் அணையட்டும்.

மற்றது முகவரி மாற்றம். கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் மறுபடி ஓன் ஆகி எல்லோருக்கும் முகவரி பங்கிடுகிறது. நேற்று 192.168.1.14 ஆக இருந்த கிளாக்கரின் கம்ப்யூட்டர் இன்று 192.168.1.17. கொப்பியரின் முகவரிப் புத்தகத்தில் பழைய எண். ரவுட்டரில் பங்கிடும் எல்லையை, முகவரியின் கடைசி எண் 100 முதல் 200 வரை என்று வைத்துவிட்டு, அந்தக் கம்ப்யூட்டருக்கு 192.168.1.10, கொப்பியருக்கு 192.168.1.50, சின்ன மெஷினுக்கு 192.168.1.51 என்று நிலையாகக் கொடுங்கள். ரவுட்டரையும் சுவிட்சையும் ஒரு சிறு யூபிஎஸ்ஸில் போடுங்கள். லேசர் கொப்பியரை மட்டும் அந்த யூபிஎஸ்ஸில் மாட்டவேண்டாம். சூடேற்றும் உருளை இழுக்கும் மின்சாரத்தை அது தாங்காது. ரவுட்டர் மாறியபின் விண்டோஸ் அதைப் புதிய நெட்வொர்க் என்று எண்ணி பப்ளிக் என்று குறித்துவிடுவதும் உண்டு. அப்போது போர்ட் 445 மூடப்படும். பிரைவேட் என்று மாற்றினால் திறக்கும்.

ஆபீஸிலிருந்து தொழிற்சாலைக்கு வெளியே கேபிள் இழுத்து அங்கிருந்தும் பேக்கப் வருகிறது என்றால், நீளம் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. தாண்டாவிட்டாலும், ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும் இடி விழும் மலையில் வெளியில் ஓடும் செம்புக் கேபிள் சுவிட்சுக்கு எமன். ஃபைபரோ வயர்லெஸ் இணைப்போ போடுவதுதான் முறை.

சின்ன மெஷினைப் பற்றிக் கொஞ்சம். கிட்டத்தட்ட எவரும் பார்க்காத இடம் இது. விண்டோஸ், புரோகிராம்கள் கேட்கும்போது தற்காலிகமாகக் கொடுக்கும் போர்ட்கள் 49152 முதல் 65535 வரை. பிரதர் மெஷின்களின் 54925 அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. ஓன் ஆன உடனே கிளம்பும் ஏதாவது ஒரு சேவை, பேக்கப்பாகவும் இருக்கலாம், தற்செயலாக அந்த எண்ணை எடுத்துக்கொண்டால் அன்று முழுக்கப் பொத்தான் ஸ்கேன் வேலை செய்யாது. மறுநாள் தானாகச் சரியாகிவிடும். பேய் பிடித்த மாதிரி இருக்கும். ரிசோர்ஸ் மானிட்டரில் நெட்வொர்க் பகுதியில் கேட்டுக்கொண்டிருக்கும் போர்ட்களின் பட்டியல் இருக்கிறது. 54925க்கு எதிரே எந்தப் புரோகிராமின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஸ்கேன் புரோகிராமின் பெயர் இல்லையென்றால், பேக்கப் சேவையின் தொடக்க வகையைத் தாமதத் தொடக்கம் என்று மாற்றுங்கள். அது மற்றவற்றுக்கு இரண்டு நிமிடம் கழித்துக் கிளம்பும். அதற்குள் ஸ்கேன் புரோகிராம் தன் இடத்தைப் பிடித்துவிடும், லொகின் செய்யத் தாமதிக்காவிட்டால். ஸ்கேன் புரோகிராமின் பெயரே அங்கே இருந்தும் வேலை செய்யவில்லை என்றால் ஃபயர்வாலில் அந்த யூடிபி எண்ணுக்கு உள்வரும் அனுமதி இருக்கிறதா பாருங்கள். பேக்கப்போடு சேர்ந்து வந்த பாதுகாப்புத் தொகுப்பு தன் ஃபயர்வாலைப் போட்டு, விண்டோஸில் நீங்கள் முன்பு கொடுத்த அனுமதியைச் செல்லாக்காசாக்கியிருக்கலாம்.

அரிதாக வருவது இணைப்பு எண்ணிக்கை. சாதாரண விண்டோஸ் 10, 11 ஒரே நேரத்தில் 20 பகிர்வு இணைப்புக்கு மேல் ஏற்காது. ஆறு கம்ப்யூட்டரில் அந்த எல்லையைத் தொடுவது கடினம். டிஸ்க் நிரம்புவதுதான் அடிக்கடி நடக்கும்: பேக்கப் தன் பழைய பிரதிகளை அதே டிரைவில் குவித்துக்கொண்டே போய், ஸ்கேனுக்கு இடமில்லாமல் ஆக்கிவிடும். எத்தனை பிரதி வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணை நீங்களே குறித்துக் கொடுங்கள்.

எல்லாம் ஒரே நாளில் மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். முதல் நாள் நிலையான முகவரியும் ஸ்லீப்பும். அடுத்த நாள் வரவு ஃபோல்டரும் இரண்டு கணக்குகளும். மூன்றாம் நாள் பேக்கப் நேரம். பிறகு ஒரு காலை வேண்டுமென்றே பேக்கப்பைக் கையால் ஓட்டிவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே இருபது பக்கக் கட்டு ஒன்றைக் கொப்பியரில் போட்டு அனுப்புங்கள். போனபின் ரவுட்டரின் பிளக்கைக் கழற்றி மாட்டி, இன்னொரு முறை அனுப்புங்கள். இரண்டும் போய்ச் சேர்ந்தால், மதிய பேக்கப் முடிந்ததும் அந்த இருபது பக்க பிடிஎஃப்பை பேக்கப்பிலிருந்து வேறொரு கம்ப்யூட்டரில் மீட்டெடுத்து, கடைசிப் பக்கம்வரை திறந்து பாருங்கள்.